தறிக்கூடத்தை மேடையேற்றுதல்: குழுவாக ஓர் இயற்பண்பு நாடகம் அமைக்க வழி கேட்கிறேன்

கேள்வி (நகரியிலிருந்து)

வணக்கம். ஆந்திராவில் உள்ள நகரி, ஏகாம்பரகுப்பம் பகுதிகளில் விசைத்தறி ஓட்டும் சிலர் சேர்ந்து, எழுதிவைத்த பிரதி இல்லாமல், ஒத்திகையிலேயே உருவாகும் நாடகம் ஒன்றை இயற்பண்புவாத முறையில், அதாவது வாழ்க்கையில் நடப்பதுபோலவே மேடையிலும் காட்டும் முறையில், அமைக்க முயன்றுவருகிறோம். ஒரே தறிக்கூடம், ஒரே இரவு. கூலி உயர்வு கேட்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. எங்களில் பலர் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் வேடம் கட்டியவர்கள். அதனால் வாய் திறந்தவுடன் உடல் தானாகவே பார்வையாளர் பக்கம் திரும்பிவிடுகிறது. அதைத் தடுத்தால் குரல் தாழ்ந்து முணுமுணுப்பாகிவிடுகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் செய்வதறியாமல் வரிசையாக நிற்கிறார்கள். எங்களுக்குள் தமிழிலும் முதலாளியிடம் தெலுங்கிலும் பேசுகிறோம். மேடையில் எந்த மொழியை வைத்துக்கொள்வது என்பதும் தீரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (திருத்தணி, நாடகப் பயிற்சியாளர்)

தாழ்ந்த குரல்தான் இயல்பான நடிப்பு என்று கருதுவதிலிருந்தே உங்கள் முதல் சிக்கல் பிறக்கிறது. மனிதனை அவனுடைய சூழல் எப்படி உருவாக்குகிறது என்பதை மேடை காட்ட வேண்டும் என்பதையே பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா 1881இல் வெளியிட்ட நாடகக் கட்டுரைகளில் வற்புறுத்தினார். அப்படிப் பார்த்தால் மேடைப்பொருள் அலங்காரமாக இருக்க முடியாது. அது பாத்திரங்களை இயக்கும் சக்தியாகிறது. பிரெஞ்சு நாடக இயக்குநர் ஆந்த்ரே அந்துவான் 1888இல் பாரிசில் கசாப்புக்கடைக் காட்சி ஒன்றுக்கு உண்மையான இறைச்சியையே தொங்கவிட்டதைப் பலரும் வியந்து சொல்வார்கள். காட்சிக்குத் தேவையான இடத்தில் நடிகர் பார்வையாளருக்கு முதுகு காட்டி நிற்க அவர் இடங்கொடுத்ததே உங்களுக்கு அதிகம் பயன்படும்.

உங்கள் நாடகத்தில் அந்தச் சக்தி தறியின் இரைச்சல். தறி ஓடும்போது காதருகே வந்து கத்த வேண்டும், அல்லது கையாலும் உதட்டசைவாலும் சொல்ல வேண்டும். நீண்ட பேச்சு நிகழக்கூடியது மின்சாரம் நின்ற நேரத்தில் மட்டுமே. இதையே நாடகத்தின் அமைப்பாகக் கொள்ளுங்கள். மின்சாரம் நின்றதும் கூலிப் பேச்சு தொடங்கட்டும். முடிவு எட்டுவதற்கு முன்பே மின்சாரம் வந்துவிடட்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால், பாதி வாக்கியத்தில் பேச்சை விட்டுவிட்டு ஒவ்வொருவரும் தத்தம் தறிக்கு ஓடட்டும். அவர்கள் ஏன் ஒன்றுகூட முடியவில்லை என்பதற்கு அதன்பின் தனியே வசனம் தேவைப்படாது. குரலையும் தாழ்த்த வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் உழைத்தவர்கள் அமைதியிலும் உரக்கத்தான் பேசுவார்கள். கூத்தில் பழகிய தொண்டை இங்கே உங்களுக்கு வரமே.

வரிசையாக நிற்பது கைகளுக்கு வேலை இல்லாததால் வருவது. பாவனை வேண்டாம், உண்மையான நூலைக் கொடுத்து அறுந்த இழைகளைப் பிணைக்கவும், நூல் சுற்றும் தார்க்குச்சிகளைத் தரம் பிரிக்கவும் சொல்லுங்கள். ஒத்திகையின் தொடக்கத்தில் வசனமே இல்லாமல் ஒரு முழு வேளையின் வேலையைச் செய்துபாருங்கள். பேச்சு தானாக எங்கே எழுகிறதோ அங்கே மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

நெசவாளர்களைப் பற்றிய நாடகம் என்பதால் ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மானின் ‘நெசவாளர்கள்’ நாடகத்தைக் குழுவாகப் படிக்க வேண்டுகிறேன். 1844இல் சிலேசியாவில் நடந்த நெசவாளர் எழுச்சியை வைத்து எழுதப்பட்டு 1892இல் வெளிவந்தது. அதில் தனி நாயகன் இல்லை, கூட்டமே நாயகன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பசியும் தனி அச்சமும் உண்டு. மைனிங்கன் என்ற ஜெர்மன் நாடகக் குழுவினர் கூட்டக் காட்சிகளில் பெயர்பெற்றதும் இதனால்தான்: கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தேர்ந்த நடிகர் ஒருவரை ஒவ்வொன்றிலும் வைத்து, வாய் திறக்காதவருக்கும் தனிக் குணம் கொடுத்தார்கள். உங்கள் நடிகர் ஒவ்வொருவரும் கூலி உயர்வால் தமக்கு என்ன ஆகும் என்பதை மற்றவருக்குச் சொல்லாமல் மனத்தில் தீர்மானித்துக்கொள்ளட்டும். முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் பேச்சின் நடுவே தலை நிமிர்வதற்கும் வாங்காதவர் நிமிர்வதற்கும் வேறுபாடு தெரியும்.

மொழிச் சிக்கலுக்கும் அங்கே விடை உண்டு. ஹாப்ட்மான் அதை முதலில் சிலேசிய வட்டார வழக்கிலேயே எழுதி, பிறகு பரவலாகப் புரியும் ஜெர்மனுக்கு நெருக்கமாக மாற்றி எழுதினார். எங்கள் ஊரிலும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதால், என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்பதிலேயே அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தெலுங்கு வசனத்தின் பொருள் எதிரிலிருப்பவரின் தமிழ் மறுமொழியில் விளங்குமாறு அமைத்தால் போதும்.

மறுமொழி 3 (புத்தூர், கூத்துக் கலைஞர்)

திறந்தவெளி மேடையில் இதைச் செய்யாதீர்கள். ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றால் எந்த நடிகரும் பார்வையாளரைப் பார்த்துத்தான் பேசுவார். வேலையில்லா நாளில் ஒரு தறிக்கூடத்தையே கேட்டு வாங்கி, தறிகளுக்கு நடுவே மக்களை உட்காரவைத்து நடத்துங்கள். இன்னொன்றும் வேண்டுகிறேன்: உங்கள் ஊரில் இன்னாரென்று அடையாளம் தெரியும்படி யாருடைய கடனையும் குடும்ப விவகாரத்தையும் கதையில் சேர்க்காதீர்கள், நாடகம் முடிந்த பிறகும் அவர்கள் அதே கூடத்திற்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மின்சாரம் நின்றதும் பேச்சு தொடங்கும் அமைப்பை எடுத்துக்கொள்கிறோம். கூடத்திலேயே நடத்துவதற்கும் குழுவில் ஒப்புதல் உள்ளது. உண்மையான தறிகளை ஓடவிட்டால் பார்வையாளர்கள், அதிலும் குழந்தைகள், தறியில் வேகமாக ஓடும் நாடாவுக்கு அருகில் உட்கார வேண்டியிருக்கும் என்பதே இப்போதைய கவலை. இரைச்சலைப் பதிவுசெய்து ஒலிக்கவிடலாமா, அல்லது பார்வையாளரிடமிருந்து தொலைவில் உள்ள இரண்டு தறிகளை மட்டும் ஓட்டலாமா என்று திருத்தணி ஐயா சொன்னால் அடுத்த ஒத்திகையிலேயே செய்துபார்ப்போம்.

மறுமொழி 1 எழுதியவர்

தொலைவில் உள்ள இரண்டையும் ஓட்டுங்கள். பதிவுசெய்த ஒலி காதுக்கு மட்டும்தான் எட்டும். தறி ஓடினால் தரையின் அதிர்வு உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்கும் வரும். அந்தத் தறிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, நாடகத்தில் நடிக்காத ஒருவரை மின்விசைக்கு அருகில் நிறுத்திவையுங்கள்.