டோல்ட்ரம்ஸ்: முதலில் கடலா, மனசா?

பழம்பேனா:
காலையிலேயே எரிச்சல். அக்கா மகள் ஓர் ஆங்கிலப் பாடக் காணொளி அனுப்பியிருந்தாள். மனம் சோர்ந்து கிடப்பதைச் சொல்லப் பத்து ஆங்கிலச் சொற்களாம். அதில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்: நிலநடுக்கோட்டுப் பக்கம் டோல்ட்ரம்ஸ் என்று ஒரு கடல் பகுதி உண்டாம், அங்கே காற்றில்லாமல் பாய்மரக் கப்பல்கள் மாட்டிக்கொள்ளுமாம், அதிலிருந்துதான் மனச்சோர்வுக்கு அந்தப் பெயர் வந்ததாம். தலைகீழ்! முதலில் மனசு, அப்புறம்தான் கடல். ஓர் அகராதியைக்கூடப் புரட்டாமல் எப்படித்தான் பாடம் எடுக்கிறார்களோ.

சுக்கான்:
அவர் சொன்னது சரிதான் ஐயா. பதினெட்டு வருடம் கப்பலில் இருந்தவன் சொல்கிறேன். வடகிழக்கு, தென்கிழக்கு வியாபாரக் காற்றுகள் வந்து முட்டும் இடம் அது. அங்கே காற்று சூடாகி மேலே எழும்பிவிடும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், திடீரென்று இடியும் மழையும் கொட்டும். இன்ஜின் இல்லாத காலத்தில் அங்கே நாள்கணக்கில் கிடந்தவனுக்கு மனம் சோராமல் என்ன செய்யும்? சொல் எங்கே பிறந்தது என்று இதிலேயே தெரியவில்லையா?

பழம்பேனா:
நீங்கள் கடலைக் கடந்திருக்கிறீர்கள், அகராதியைத் திறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மந்தமாகக் கிடப்பதற்கு டோல்ட்ரம்ஸ் என்றார்கள். 'டல்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. மந்தமான ஆளையே டோல்ட்ரம் என்று திட்டியிருக்கிறார்கள். கடல் பட்டைக்கு அந்தப் பெயர் நிலைத்தது அந்த நூற்றாண்டின் நடுவில். அமெரிக்கக் கடற்படையின் மாரி 1855-ல் எழுதிய கடல் புவியியல் நூலில் அது வந்துவிட்டது. 'கப்பல் டோல்ட்ரம்ஸில் இருக்கிறது' என்று நிலையைச் சொன்னதை இடமென்று நினைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சொல்கிறது. முதலில் மனசு!

மொழிபெயர்ப்பாளி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மொழிபெயர்க்கும் நாவலில் மனச்சோர்வைச் சொல்லும் மெலங்கலி, க்ளூம், லிஸ்ட்லெஸ் மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. மூன்றுக்கும் என்ன வேறுபாடு? தமிழில் எப்படிப் பிரிப்பது?

சுக்கான்:
ஆங்கிலக் கவிஞர் பைரன் 1823-ல் வெளியிட்ட 'தி ஐலண்ட்' கவிதையில், தூரத்தில் தெரியும் கப்பலைப் பார்த்து 'டோல்ட்ரம்ஸில் கிடந்தது, காற்று லேசாக இருந்தது' என்று ஒருவன் சொல்கிறான். கப்பல், காற்று, கடல், மூன்றும் இருக்கின்றன. உங்கள் 1855-க்கு 32 வருடம் முன்னால். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பழம்பேனா:
நன்றி. என் கட்சிக்கே சாட்சி கொண்டுவந்தீர்கள். அங்கே அது கப்பலின் நிலை. நிலநடுக்கோட்டுப் பட்டை என்று அந்த வரியில் எங்கே இருக்கிறது? கப்பலுக்கும் 'டல்' அடிக்கலாம். முதலில் மனசு, அப்புறம் கப்பல், கடைசியில் கடல்.

ஏழரைநாட்டான்:
கப்பல் சண்டையில் கிரகத்தை விட்டுவிட்டீர்களே. சாட்டர்னைன் என்றால் எப்போதும் இருண்ட முகத்தோடு இருப்பவன். சாட்டர்ன் என்றால் சனி! வெள்ளைக்காரனும் பழியைச் சனி மேல்தான் போட்டிருக்கிறான். இந்த இழையை யாரோ ராகு காலத்தில் தொடங்கியிருக்கிறார்கள்.

நாட்டுமருந்து:
மெலங்கலி என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். பித்தம் நம்முடையது. இங்கிருந்து போனதுதான் என்று சொல்ல உங்களுக்கெல்லாம் ஏன் வாய் வரவில்லை?

பழம்பேனா:
வாய் வராததற்குக் காரணம் கணக்கு. நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அவர்களுக்கு இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. பித்தம் என்று கேட்டதும் பாய்ந்துவிடுவதா? உங்கள் 'எல்லாம் இங்கிருந்துதான்' பாட்டை 'அரிசி' இழையிலேயே கேட்டு முடித்துவிட்டோம்.

நாட்டுமருந்து:
அங்கே பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுக்கான்:
அது மட்டுமா? 'கட்டுமரம்' இழையில் 'கடலோடிகள் வாயிலிருந்துதான் சொற்கள் கரையேறின' என்று பக்கம் பக்கமாக எழுதியவர் இந்தப் பழம்பேனாதான். கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கேட்டமரானுக்கு ஒரு நியாயம், டோல்ட்ரம்ஸுக்கு ஒரு நியாயமா?

பழம்பேனா:
கட்டுமரம் ஒரு பொருள். கையால் தொடலாம். மனச்சோர்வைத் தொட முடியுமா? அதனால்தான் இல்லாத கதையை ஆளாளுக்கு ஒட்டுகிறார்கள். மனம் சோர்ந்து கிடப்பதைச் சொல்லும் 'இன் த டம்ப்ஸ்' என்பதற்கும் இப்படி ஒரு கதை உண்டு. டம்போஸ் என்ற எகிப்து ராஜா சோகத்தில் செத்துப்போனானாம். 1785-ல் க்ரோஸ் தன் கொச்சைச்சொல் அகராதியில் அதைக் கேலியாகத்தான் குறித்துவைத்தார். அந்த டம்போஸுக்குத் தம்பி உங்கள் கடல் கதை.

சுக்கான்:
கடலே பார்க்காதவர் பேசுகிறார். நீங்கள் எந்த ஊர்? மெரினாவில் சுண்டல் சாப்பிட்டதுதானே உங்கள் கடல் அனுபவம்?

பழம்பேனா:
சுண்டலுக்கும் 1855-க்கும் என்ன சம்பந்தம்?

ஏழரைநாட்டான்:
சண்டையைப் பார்த்தால் ப்ளூ டெவில்ஸ் இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. மனச்சோர்வைக் கொண்டுவரும் நீலப் பிசாசுகள். ப்ளூஸ் என்கிறோமே, அது இவற்றிலிருந்து சுருங்கியதுதான்.

பழம்பேனா:
அது சரி. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் முதலில் மனசு.

மொழிபெயர்ப்பாளி:
யாராவது லிஸ்ட்லெஸ் மட்டுமாவது சொல்லுங்களேன். 'பிடிப்பில்லாமல்' என்று போடலாமா? பட்டியல் இல்லாமல் என்று ஒருவர் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார்.

நாட்டுமருந்து:
'ஒருவர்' என்று ஏன் மறைக்கிறீர்கள்? நான்தான் சொன்னேன். லிஸ்ட் என்றால் பட்டியல், லெஸ் என்றால் இல்லை. தப்பா?

பழம்பேனா:
தப்பேதான். அந்த லிஸ்ட் வேறு, விருப்பம் என்ற பொருளில் இருந்த பழைய சொல். விருப்பம் அற்றுப்போனால் லிஸ்ட்லெஸ். பாருங்கள், விருப்பம் எங்கே இருக்கிறது? மனசில். சுக்கான் ஐயா, படிக்கிறீர்களா?

சுக்கான்:
படிக்கிறேன். பைரன் வரியில் காற்று லேசாக இருந்தது என்றுதான் இருக்கிறது, பைரனுக்கு மனசு சரியில்லை என்று இல்லை. நாளைக்கு என் பழைய கேப்டனையே இங்கே அழைத்து வருகிறேன், அவரிடம் சொல்லுங்கள் உங்கள் 1855-ஐ.