நோட்டில் கிரிக்கெட் லாபம், டென்னிஸ் நஷ்டம்: தொடரலாமா, நிறுத்தலாமா?

ஏற்காட்டுக் காப்பி:
வணக்கம். ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பி, கூடவே மிளகு. எனக்கு இருக்கும் ஒரே பழக்கம் விளையாட்டுகள் மேல் பந்தயம் கட்டுவது. 2022 ஏப்ரலில் தொடங்கி 2025 ஜூலை வரை நாற்பது மாதம், ஒன்றுகூட விடாமல் நோட்டில் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தில் இருந்து காப்பிப் பழம் பறித்த கூலிக் கணக்கு, பின்பக்கத்தில் இருந்து பந்தயக் கணக்கு.

மொத்தம் கூட்டிப் பார்த்தேன். கிரிக்கெட்டில் 18,400 லாபம். கபடியில் 3,150 லாபம். குதிரையில் 11,700 போனது. அது பெங்களூரு ரேஸ் கோர்ஸுக்கு ஆறேழு தடவை போய் வந்த கதை. கால்பந்தில் 6,200 நஷ்டம். டென்னிஸில் 27,900 நஷ்டம். எல்லாம் சேர்த்தால் 24,250 கையை விட்டுப் போயிருக்கிறது. மாதத்துக்கு 606 ரூபாய்.

ஆகஸ்டில், கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டசி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது மிச்சம் இருப்பது போனில் பந்தயம் கட்ட ஏஜென்ட் கொடுத்த ஐடி ஒன்றுதான். டென்னிஸையும் குதிரையையும் விட்டுவிட்டு, தெரிந்த கிரிக்கெட், கபடி மட்டும் ஆடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் நோட்டையே அடுப்பில் போடச் சொல்கிறார்கள். நியாயம் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
அண்ணா, தொடருங்கள். 606 ரூபாய் ஒரு பெரிய விஷயமா? குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கி சேலத்தில் ஒரு படம் பார்த்து, சாப்பிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பினால் அதைவிட அதிகம் ஆகும். நாற்பது மாதம் ஒரு மனிதருக்குப் பொழுது போயிருக்கிறது, கடனும் இல்லை.

எனக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி வாங்கி வைத்த மறுநாள் விலை இறங்கினால் அது பந்தயம் தோற்றது மாதிரிதான். நீங்களும் பங்குனி, சித்திரையில் காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? பந்தயம் இல்லாத தொழில் எது? ஆட்டத்தைப் புரிந்தவனுக்கும் புரியாதவனுக்கும் வித்தியாசம் உண்டு. நம் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இறங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே சின்னப்பம்பட்டிப் பக்கம் அவர் யார்க்கரைப் பார்த்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். அந்த அறிவுக்கு விலை இல்லையா?

அஸ்தம்பட்டி டீச்சர்:
வெள்ளி விலை இறங்கினாலும் பெட்டியில் இருக்கும் வெள்ளி எடை குறையாது. மழை பொய்த்தாலும் செடி தோட்டத்தில் நிற்கும். தோற்ற பந்தயத்தில் எது நிற்கிறது? இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், தம்பி.

அப்புறம் அந்த அறிவின் விலை. சமபலமான இரண்டு அணிகள் என்றால் இரண்டு பக்கமும் 1.90 ரேட் கொடுப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கு நூறு கட்டுகிறார்கள். ஜெயித்தவருக்கு 190 திரும்புகிறது, பத்து ரூபாய் நடத்துகிறவர் பைக்குப் போகிறது. யார் ஜெயித்தாலும் போகிறது. நூறு ரூபாய் வீதம் நூறு தடவை கட்டி 52 தடவை ஜெயித்தால், வந்தது 4,680, போனது 4,800. பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் நஷ்டம். 53 தடவை ஜெயித்தால்தான் எழுபது ரூபாய் மிஞ்சும். ஆட்டம் புரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பத்து ரூபாயையும் ஒவ்வொரு தடவையும் தாண்ட வேண்டும். நடராஜன் யார்க்கர் ரேட் போடுகிறவருக்கும் தெரியும்.

காப்பித் தோட்டத்துத் தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த 18,400-இல் ஒரே நாளில் வந்தது எவ்வளவு?

ஏற்காட்டுக் காப்பி:
டீச்சர், சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஒண்டிக்கடைப் பக்கம் நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்சர் ஓவரில் 24 ரன் போனது. தென் ஆப்பிரிக்காவுக்கு முப்பது பந்தில் முப்பது ரன் போதும், கிளாசன் நிற்கிறார். நண்பர் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பும்ராவுக்கு இரண்டு ஓவர் பாக்கி இருந்தது என் மண்டையில் ஓடியது. போனில் ரேட்டைப் பார்த்தேன், ஒன்றுக்கு எட்டு. இந்தியா மேல் 2,000 கட்டினேன். மில்லர் அடித்த பந்தை எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்தபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்துவிட்டது. ஏழு ரன்னில் ஜெயித்தோம். 16,000 லாபம்.

அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். பும்ராவுக்கு ஓவர் மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் கட்டினேன்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
நம்புங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பந்தயத்தை எடுத்துவிட்டால் கிரிக்கெட்டில் நாற்பது மாதத்துக்கு 2,400 ரூபாய். மாதம் அறுபது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
அது என்ன கணக்கு டீச்சர்? பெரிய வெற்றியை எடுத்தால் பெரிய தோல்வியையும் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழிப்பது நியாயம் இல்லை.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஒத்துக்கொள்கிறேன், அது என் தவறு. பெரிய தோல்வி எது என்று தம்பியே சொல்லட்டும்.

ஏற்காட்டுக் காப்பி:
2023 நவம்பர் 19, ஒருநாள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து வந்த இந்தியா மேல் 4,000. அகமதாபாத்தில் ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்தது. உரம் வாங்க எடுத்து வைத்த பணம் அது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் எடுத்தால் 6,400 வருகிறது.

அடிவாரம் வக்கீல்:
சட்டத்தை யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டு 2022 சட்டப்படி இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்திய இணைய விளையாட்டுச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை, நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் பணம் கைமாற்றித் தருகிறவரையும்தான் பிடிக்கிறது. ஆகவே "மத்தியச் சட்டம் உங்களை ஒன்றும் செய்யாது" என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள், மாநிலச் சட்டம் இருக்கிறது. குதிரை வேறு கதை. அது சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. ஆனால் அதற்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

இன்னொன்று. 1872 ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. நீங்கள் ஜெயித்து, ஏஜென்ட் பணம் தரவில்லை என்றால் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. அந்த 16,000 கைக்கு வந்ததே அவர் மனசு வைத்ததால்தான்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
சட்டம் சரி சார். ஆனால் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது, அப்புறமும் நம் ஊரில் மூன்று நம்பர் சீட்டு ஓடிக்கொண்டுதானே இருந்தது? தடை போட்டால் மறைவாகப் போகும், அவ்வளவுதான். கணக்கு எழுதி ஆடும் இந்த அண்ணன் மாதிரி ஆட்களைத் திருட்டு ஏஜென்ட் பக்கம் தள்ளியது யார்?

அஸ்தம்பட்டி டீச்சர்:
கணக்கு எழுதுவதைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. என் தம்பி சேகோ ஆலையில் வேலை பார்த்தான், அவனும் நோட்டு வைத்திருந்தான். அழகான கையெழுத்து. அந்த நோட்டின்படி அவனுக்கு லாபம். கட்டுவதற்கு வாங்கிய கடனும் அதன் வட்டியும் அதில் ஒரு வரிகூட இல்லை. பொய் எழுதவில்லை அவன். அது பந்தயக் கணக்கில் சேராது என்று உண்மையாகவே நினைத்தான். வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே தம்பி, உங்கள் நோட்டை நான் சந்தேகப்படவில்லை. தலைப்புகளைத்தான் சந்தேகப்படுகிறேன். காப்பித் தோட்டத்தில் இருப்பவருக்கு டென்னிஸ் எங்கே இருந்து வந்தது? ஒரு உதவி செய்யுங்கள். டென்னிஸ் கட்டிய தேதிகளையும் கிரிக்கெட்டில் தோற்ற தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஏற்காட்டுக் காப்பி:
இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எழுதிப் பார்த்தேன்.

டென்னிஸ் கட்டிய இரவுகள் 31. அதில் 26 இரவுகள், அன்று சாயங்காலமோ ராத்திரியோ கிரிக்கெட்டில் தோற்ற இரவுகள். நவம்பர் 19-ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் ஐந்து டென்னிஸ் ஆட்டம், கடைசியில் மணி 3.10 என்று போட்டிருக்கிறேன். ஆடியவர்கள் பெயரைக்கூட முழுதாக எழுதவில்லை, "மேலே இருப்பவர்", "கீழே இருப்பவர்" என்று இருக்கிறது. போனில் பெயர் எந்த வரியில் வந்ததோ அதை வைத்துக் கட்டியிருக்கிறேன். கிரிக்கெட் வரிகள் எல்லாம் நீல மையில் இருக்கின்றன. இவை பென்சிலில், கட்டிலுக்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான்.

கால்பந்தும் அப்படித்தான். 2022 நவம்பர் 22, சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்த நாள். அதில் 2,000 போனது. அதைப் பிடிக்க அடுத்த ஆட்டத்தில் டென்மார்க் மேல் 2,000 கட்டினேன், துனீசியாவோடு கோலே இல்லாமல் டிரா. கால்பந்து மொத்த நஷ்டமே 6,200, அதில் 4,000 அந்த ஒரு சாயங்காலம். காலையில் டென்மார்க் பற்றி என்னைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்காது.

கபடியில் இது இல்லை. அதில் தோற்றால் போனை வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். ஏன் என்று புரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
இதை எதிர்பார்க்கவில்லை அண்ணா. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. உங்கள் சிக்கல் பந்தயம் இல்லை, விட்டதைப் பிடிக்கிற அவசரம். தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று ஒரு கட்டு வைத்துக்கொண்டால் போதும். பட்டறையில் நாங்கள் அப்படித்தான், விலை ஓடும் நாளில் வெள்ளியைத் தொடமாட்டோம்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
26 இரவு அந்தக் கட்டு அறுந்திருக்கிறது, தம்பி. கட்டு போடத் தெரியாதவர் இல்லை அவர், நாற்பது மாதம் நோட்டு எழுதியவர். ராத்திரி மூன்று மணிக்குப் பென்சில் பிடித்த கைக்கு அது நினைவு வராது. பேச ஆள் வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றினால் 14416 என்ற எண் இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு இல்லை. என் தம்பி காலத்தில் எங்களுக்கு அப்படி எதுவும் தெரியாது.

ஏற்காட்டுக் காப்பி:
இருவருக்கும் நன்றி. நேற்று ஏஜென்டிடம் ஐடியை மூடச் சொன்னேன். உள்ளே 1,850 கிடக்கிறது. 3,000 இருந்தால்தான் வெளியே எடுக்க முடியும், இன்னும் 1,150 போட்டால் மொத்தமாகத் தருகிறேன் என்கிறார்.

அடிவாரம் வக்கீல்:
போடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
இதில் நானும் அவர்கள் பக்கம்தான். போடாதீர்கள் அண்ணா.

ஏற்காட்டுக் காப்பி:
போடவில்லை. 1,850-ஐ நஷ்டத்தில் எழுதிவிட்டேன். எந்த விளையாட்டின் கீழே எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கிரிக்கெட்டின் கீழேதான் எழுதியிருக்கிறேன், நீல மையில்.