அப்டேட்: என் ராம் 2500 பிக்கப் டிரக்குக்கு லாக்கர் போட்டாச்சு

போன பதிவுல கேட்டிருந்தேன்ல, கம்மின்ஸ் டீசல், பின்னாடி 11.5 இன்ச் ஆக்சில் (உள்ள இருக்குற பெரிய பல்சக்கரம், அதாவது ரிங் கியர், அதோட விட்டம்), டிரெய்லர் இழுக்கணும், சேத்துலயும் பனியிலயும் ஓட்டணும், ஒரு வீல் வழுக்கினாலும் மத்த பின் வீலுக்கு ஃபோர்ஸ் போக வைக்கிற சாமான்ல எது போடலாம், டெட்ராய்ட் லாக்கரா ட்ரூட்ராக்கா ஏர் லாக்கரான்னு. கடைசில ஏஆர்பி ஏர் லாக்கர் தான் போட்டேன்.

டெட்ராய்ட் பலமான சாமான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அது தானாவே லாக் ஆகுறது, ஐஸ் ரோட்டுல ஆக்சிலரேட்டர அழுத்தினா ரெண்டு வீலும் சேர்ந்து சுத்தி பின்பக்கம் சைடுல இழுக்கும், டிரெய்லரோட அந்த ரிஸ்க் எனக்கு வேண்டவே வேண்டாம். ட்ரூட்ராக் முழுசா லாக் ஆகாது, கியர் வச்சே பிடிப்பு இருக்குற வீலுக்கு ஃபோர்ஸ அனுப்பும், ரொம்ப ஸ்மூத், கிளட்ச் பிளேட் கிடையாது, தேயுறதும் கம்மி, ரோட்டுலயே ஓடுற வண்டின்னா நான் கண்ண மூடிட்டு அதத்தான் சொல்லுவேன். ஆனா ஒரு வீல் சுத்தமா தூக்கிடுச்சுன்னா பிரேக்க லேசா மிதிச்சுப் பிடிச்சா தான் மத்த வீலுக்கு ஃபோர்ஸ் போகும்.

ஏர் லாக்கர்ல சுவிட்ச் ஆஃப்ல இருந்தா சாதா டிஃப் (டிஃபரன்ஷியல், ரெண்டு வீலையும் வேற வேற ஸ்பீடுல சுத்த விடுற கியர் செட்), ஆன் பண்ணா ரெண்டு வீலும் ஒண்ணாப் பூட்டிக்கும். வேலை ஜாஸ்தி தான், காத்து அழுத்தத்துல தான் பூட்டும்ங்கறதால கம்ப்ரஸர் வேணும், ஆக்சிலோட வெளிக்கூட்டுல ஓட்டை போட்டு காத்து லைன் இழுக்கணும், உள்ள போற செம்பு டியூப் ரிங் கியர்ல உரசாம வளைக்கிறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. பேக்லாஷ (கியர் பல்லுங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளி) டயல் கேஜ் வச்சு பாத்து, மஞ்சள் பேஸ்ட் தடவி பல்லு எங்க படியுதுன்னு செக் பண்ணிட்டுத்தான் கவர மூடினோம், இத எந்த மெக்கானிக் வேண்டாம்னு சொன்னாலும் விடாதீங்க.

நேத்து ஈரப் புல்லுல டிரெய்லரோட ஏத்தினேன், சுவிட்ச் போட்டதும் நேரா ஏறிடுச்சு. ஆனா திரும்பும்போது ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ஆக்சில் ஷாஃப்டுக்கு லோடு.