மூணாங்கிளாஸ் ஸ்டேட் டெஸ்ட்டும் மஞ்சள் லிஸ்ட் பிள்ளைங்களும்: உங்க அனுபவம் சொல்லுங்க

டெக்சாஸ்ல ஒரு பப்ளிக் எலிமெண்டரி ஸ்கூல்ல டீச்சர் எய்டா இருக்கேன், பெரும்பாலும் மூணாங்கிளாஸ் பசங்களோடதான். இங்க மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங், மேத்ஸ் ரெண்டுலயும் ஸ்டார்ங்கிற ஸ்டேட் டெஸ்ட் எழுதியே ஆகணும். 2002ல நாடு முழுசுக்கும் வந்த நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்ங்கிற பள்ளிக்கூடச் சட்டம் போட்ட கணக்கு இது, 2015ல அந்தச் சட்டத்தயே மாத்துனாங்க, வருஷா வருஷம் டெஸ்ட் மட்டும் அப்படியே நின்னுருச்சு.

பாதி வருஷம் போனதும் பிராக்டிஸ் டெஸ்ட் மார்க்க வச்சு பசங்கள பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருவாங்க. பச்சை பாஸாயிரும், மஞ்சள் இன்னும் ரெண்டு மூணு கேள்வி சரியா போட்டா பாஸ், சிவப்பப் பத்தி மீட்டிங்ல யாரும் ரொம்ப பேசவே மாட்டாங்க. என்னைய உக்கார வைக்கிறது எப்பவும் மஞ்சள் குரூப்கூடத்தான். சிவப்புல ஒரு பையன், எழுத்து எல்லாம் தெரியும், சேத்து வாசிக்கத்தான் வராது, பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து தினம் சொல்லிக் குடுத்தா வந்துரும்னு எனக்குத் தோணும், ஆனா அவன் கையில ஹெட்ஃபோனும் லேப்டாப்பும் குடுத்து ஓரமா உக்கார வச்சிருவாங்க. இப்ப ஸ்கூலுக்கு ஸ்டேட் போடுற ரேட்டிங்ல பசங்க முன்னேற்றத்துக்கும் பாயிண்ட் உண்டு, பாஸ் பர்சன்ட் மட்டும் இல்ல, இருந்தும் பழைய பழக்கம் போகல.

ஃபெயில் ஆன பிள்ளைக்கு டியூட்டரிங் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, 2023ல திருத்துனப்ப பிள்ளையப் பொறுத்து 15 மணி நேரமோ 30 மணி நேரமோ, சொல்லிக் குடுக்கிற ஒரு ஆளுக்கு நாலு பசங்க வரைக்கும்னு வச்சாங்க. நல்லதுதான், ஆனா அதுக்கு முதல்ல ஃபெயில் ஆகணும், அதுவும் முதல் ஸ்டார் டெஸ்ட்டே மூணாவதுலதான்!

பணம் வர்ற விதம் இன்னொரு கூத்து. ஸ்டேட் காசு குடுக்கிறது சேந்திருக்கிற பசங்க கணக்குல இல்ல, சராசரியா தினம் எத்தன பேர் வர்றாங்கங்கிற கணக்குல. அந்தச் சிவப்பு குரூப் பையனோட அம்மாவுக்கு வேலை ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கும், கொண்டு விட ஆள் இல்லாம அடிக்கடி லீவ், அவன் வராத நாளுக்கு காசும் குறையுது, டீச்சர் சம்பளமும் கரண்ட் பில்லும் குறையுதா என்ன?

மறுமொழி:
அக்கா, எங்க பக்கம் வேற மாதிரி. டைட்டில் ஒன்னு ஸ்கூலுங்களுக்கு மத்திய அரசு குடுக்கிற காசு ஏழைப் பசங்க எண்ணிக்கைய வச்சுத்தான் வரும், மார்க்க வச்சு இல்ல. எங்க ஸ்கூல்ல வசதியான வீடுங்க ஜாஸ்தி, அதனால அந்தக் காசு இல்ல, ரீடிங்குக்குன்னு தனி ஆளும் இல்ல. என் பொண்ணு வாசிக்கத் திணறுறான்னு சொன்னா "வெயிட் பண்ணுங்க, வந்துரும்"னுதான் ரெண்டு வருஷமா பதில்.

மறுமொழி:
மேல எழுதுன தங்கச்சிக்கு: வெயிட் பண்ணாதீங்க. நீங்களும் டெக்சாஸ்தான்னா, ஸ்பெஷல் எட் (கத்துக்கிறதுல சிரமம் இருக்கிற பசங்களுக்கான தனிக் கல்வி) டெஸ்டிங் வேணும்னு எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா காத்தோட போயிரும். எழுதிக் குடுத்தா 15 ஸ்கூல் நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லணும், முடியாதுன்னாலும் காரணத்தோட எழுதித்தான் குடுக்கணும். இந்த ஸ்டேட்ல ஸ்பெஷல் எட் பசங்க 8.5 சதவீதத்துக்கு மேல போகாம பாத்துக்கிட்டாங்கன்னு 2016ல பேப்பர்ல வந்து நாறுச்சு, 2017லதான் அந்த வரம்ப எடுத்தாங்க. என் மகன் அந்தக் காலத்துப் பையன், அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கிறதுல வர்ற குறைபாடு, இருக்குன்னு நாங்க தெரிஞ்சுக்கிட்டதே மிடில் ஸ்கூல்லதான். லெட்டர் எப்படி எழுதுறதுன்னு தெரியலன்னா சொல்லுங்க, நான் எழுதுனது இருக்கு, பேர மாத்திக்கிட்டா போதும்.