கணினிப் பாகங்கள் பொருந்துமா, இணங்குமா, இயையுமா?

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேசைக்கணினியைத் தாமே பூட்டிப் பழக, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தப்போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகவேண்டும். செயலி (பிராசசர்), தாய்ப்பலகை (மதர்போர்டு), நினைவகம் (ரேம்), மின்வழங்கி (பவர் சப்ளை) என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டேன். ஒரு பாகம் மற்றொன்றோடு சேர்ந்து வேலை செய்யும் தன்மையைச் சொல்லும் ‘கம்பேட்டிபிளிட்டி’யில்தான் பேனா நிற்கிறது. இப்போதைக்கு, “செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் பொருத்தம் பார்த்து வாங்குக” என்று போட்டிருக்கிறேன். படித்த சக ஆசிரியர், சாதகக் குறிப்பையும் இணைத்துவிடுங்கள் என்கிறார். நல்ல சொல்லாக ஒன்று தந்து உதவுங்கள்.

செந்தூல் தமிழாசிரியர் (பணி ஓய்வு) எழுதியது:

அம்மா, வணக்கம். கல்யாணத் தரகர்கள் கையாள்கிறார்கள் என்பதற்காகப் பொருத்தத்தைத் தள்ளவேண்டியதில்லை. ஆயினும் அதைவிடச் செறிவான சொல் நம்மிடம் உண்டு: ‘ஒவ்வுமை’. “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா” என்று ஒரே அடியில் ஒக்கும், ஒவ்வா இரண்டையும் வைத்தார் வள்ளுவர். ஒப்பு, ஒட்டு, ஒன்று, ஒருமை எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் கருத்து. பகைவரை ‘ஒன்னார்’ என்றதும் அதனால்தான்; நம்மோடு ஒன்றாதவர் ஒன்னார். பலகையோடு ஒன்றாத நினைவகத்தை ‘ஒன்னா நினைவகம்’ என்றுகூடச் சொல்லலாம்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

ஐயா, உங்கள் வேர்ச்சொல் விளக்கத்தை விரும்பிப் படித்தேன். ஆனால் ஒத்தல் என்றால் ஒன்றைப் போல் மற்றொன்று இருத்தல். செயலியும் தாய்ப்பலகையும் ஒன்றைப் போல் ஒன்று இருப்பவை அல்ல. வேறுவேறாக இருந்து சேர்ந்து வேலை செய்பவை. குறளில் வரும் ‘ஒக்கும்’ சமம் என்பதையே சொல்கிறது.

பொருத்தத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிடிஆர்4, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 நினைவகங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டு தண்டுக்கும் 288 தொடுமுனைகள், நீளமும் ஒன்றே. நடுவில் உள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. இதைப் ‘பொருந்தவில்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்ததைப் பாருங்கள். 2017-இல் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் வந்தன. அவற்றைப் பலகையில் அமர்த்தும் பொருத்துவாயும் (சாக்கெட்) முந்தைய தலைமுறையினுடையதைப் போலவே எல்ஜிஏ 1151. பழைய பலகையில் வைத்தால் செயலி அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் கணினி எழும்பாது. 300 வரிசைச் சில்லுத்தொகுதி (சிப்செட்) உள்ள புதிய பலகை வேண்டும். செயலி செய்யும் மற்றொரு நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 பொருத்துவாயிலும் இதற்கு நெருங்கிய நிலை வருவதுண்டு. 2022-இல் வந்த பலகையில் 2024-இன் ரைசன் 9000 செயலி சரியாக அமரும்; பலகையின் பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளைப், புதுப்பிக்காவிட்டால் பலகை அதை அடையாளம் காணாது. “பொருந்துகிறது, ஆனால் பொருத்தமில்லை” என்று மாணவரிடம் எப்படிச் சொல்வது?

உடல் பொருந்துவதற்குப் ‘பொருத்தம்’, சேர்ந்து இயங்குவதற்கு ‘இயைபு’ என்று இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இயைபு என்றதும் நம் பிள்ளைகளுக்கு இயைபுத் தொடைதான் நினைவுக்கு வரும். அடிகளின் இறுதி ஒன்றி வருவதற்கும் நினைவகத் தண்டுக்கும் முடிச்சுப் போடவேண்டாம். தமிழ் மென்பொருள்களில் ‘இணக்கம்’, ‘இணக்கத்தன்மை’ ஏற்கெனவே புழங்குகின்றன. இருப்பதை விட்டுப் புதிதாகச் செய்வதால் குழப்பமே மிஞ்சும்.

இடையில் ஒன்று. மலாயில் இதைச் ‘செராசி’ என்கிறோம். அதன் உள்ளே இருப்பது ராசி. ‘செ’ என்பது ‘ஒரே’ என்னும் பொருள்தரும் முன்னொட்டு. ஒரே ராசி, ஆகவே பொருத்தம்! ஆசிரியையின் நண்பர் சாதகத்தை நினைத்ததில் வியப்பில்லை.

செந்தூல் தமிழாசிரியர்:

ராசி வடசொல் என்பதை நினைவூட்டுகிறேன். இணங்குதல் என்பது உடன்படுதல். உடன்பட மனம் வேண்டும். உலோகத் துண்டுக்கு மனம் ஏது? ஒவ்வுமையை ஏற்காவிட்டால் பொறியாளர் தம்பி சொன்ன இயைபையாவது எடுத்துக்கொள்ளுங்கள். தொடைக்கு மட்டும் உரிய சொல் அன்று அது. தொல்காப்பியர் செய்யுளின் அழகுகளான எட்டு வனப்புகளுள் ஒன்றாகவும் அதை எண்ணுகிறார். எளிமை எளிமை என்று சொல்லியே எத்தனை நல்ல சொற்களை இழந்துவிட்டோம்! பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம், கற்றுக்கொடுத்தால் புரிந்துகொள்வார்கள்.

ஆயர் ஈத்தாம் உறுப்பினர் எழுதியது:

நான் இலக்கணம் படித்தவள் அல்லள். கணினி பழுது பார்ப்பவள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ இங்கே பினாங்குக் கடைகளிலோ பிள்ளை பணத்தோடு நிற்கும்போது எந்தச் சொல் வாயில் வரும் என்று பாருங்கள். “இந்தப் பலகைக்கு இந்த நினைவகம் சேருமா?” என்றுதான் தமிழ் தெரிந்தவர் கேட்பார். ‘ஒத்துப்போகுமா’ என்றும் கேட்பதுண்டு. கையேட்டில் அதையே எழுதினால் என்ன?

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்:

வினையாக ‘சேரும்’ மிக நன்று. பெயர்ச்சொல்லாக்கினால் ‘சேர்க்கை’ ஆகிறது. அது பள்ளிச் சேர்க்கையாகிவிடும். இணக்கத்தில் இந்த இடர் இல்லை. புதிய வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு), தாய்ப்பலகையின் பழைய பிசிஐஇ 3.0 செருகுவாயிலும் அதன் வேகத்துக்கு இறங்கி வேலை செய்கிறதே, அதைப் ‘பின்னோக்கிய இணக்கம்’ எனலாம். இணக்கப் பட்டியல், இணக்கமற்ற பாகம் என எல்லாம் தடையின்றி வருகின்றன.

பட்டர்வொர்த் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால், இயல் தலைப்பில் ‘இணக்கம்’ என்று போட்டுவிட்டேன். பொருத்துவாய், வெட்டு, பலகை அளவு பற்றிய இடங்களில் மட்டும் ‘பொருத்தம்’. 305 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏடிஎக்ஸ் பலகை, அதைவிட மிகச் சிறிய மினி ஐடிஎக்ஸ் பலகைக்கென்று செய்த சிறு பெட்டியில் பொருந்தாது என்பதை வேறு எப்படிச் சொல்வது? செயல்முறைப் பகுதியில் எல்லாம் ‘சேரும்’, ‘சேராது’.

செந்தூல் தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் அவசரம் புரிகிறது. என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அடுத்த பதிப்பில் இயைபை மீண்டும் கருதுங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

அச்சுக்குப் போகும்முன் ஒன்று. 450 வாட் மின்வழங்கி வாங்கியாயிற்று. வரைகலை அட்டையோ 750 வாட் வேண்டும் என்கிறது. இணைப்புக் கம்பி பொருந்தினாலும் திறன் பற்றாது. இதை இணக்க இயலில் சேர்த்திருக்கிறீர்களா? எனக்கு இது ‘போதாமை’ என்று தனியே வரவேண்டும் எனத் தோன்றுகிறது. ஐயா என்ன நினைக்கிறீர்கள்?