முதல் டிராக் கார்: பழைய ஸ்விஃப்ட், மொத்தம் 4 லட்சம், எதிலிருந்து தொடங்குவது?

சுழல்பாதை:

வணக்கம். இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே இரண்டு பந்தயத் தடங்களிலும் டிராக் டேக்களில் (கட்டணம் கட்டி, போட்டியில்லாமல் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்ட ஒரு பழைய கார் தயார் செய்யலாம் என்றிருக்கிறேன். ரேஸ் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கார் விலையும் சேர்த்து 4 லட்சம்தான் கையில். 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல் வி.எக்ஸ்.ஐ. ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 80,000 கி.மீ. ஓடியது. டிரெய்லருக்கு வழியில்லை, அதே காரில் போய் அதே காரில் திரும்பணும்.

நான் போட்ட லிஸ்ட்: பக்கெட் சீட், 4 பாயின்ட் ஹார்னஸ் (நான்கு இடத்தில் பூட்டும் ரேஸ் பெல்ட்), சின்ன ஸ்டீயரிங், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், லோயரிங் ஸ்பிரிங், 16 இன்ச் அலாய். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பைக் ஹெல்மெட் இருக்கிறது. இந்த வரிசை சரியா? எதைத் தள்ளிப்போடலாம்?

நான்காம் கியர்:

கார் நல்ல தேர்வு. 1.2 கே சீரிஸ் இன்ஜின், 87 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குக் கீழே. எடை குறைந்தால் டயர், பிரேக், வீல் பேரிங் எல்லாமே மெதுவாகத் தேயும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எஸ்டீம் இன்னும் லேசு, ஆனால் 2007-லேயே நிறுத்திவிட்டார்கள். துருப்பிடிக்காத பாடி கிடைப்பது கஷ்டம். டீசல் ஸ்விஃப்ட் வேண்டாம். முன்பக்கம் கனம் கூடி, வளைவில் மூக்கு வெளியே தள்ளும்.

வி.எக்ஸ்.ஐ.க்கு முன்பணம் கொடுப்பதற்குள் அதற்கு மேல் வேரியன்ட்டான இசட்.எக்ஸ்.ஐ. ஒன்று கிடைக்குமா என்று தேடுங்கள். அந்த வருஷத்து ஸ்விஃப்ட்டில் ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லா வேரியன்ட்டிலும் கிடையாது, இசட்.எக்ஸ்.ஐ.யில் இரண்டும் கம்பெனியிலிருந்தே வரும். பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து சேசிஸ் லெக் (இன்ஜினின் இரு பக்கமும் முன்னால் நீளும் சட்டம்) இரண்டையும் ஸ்ட்ரட் டவரையும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடம்) டார்ச் அடித்துப் பாருங்கள். சுருக்கமோ, மறு வெல்டிங்கோ, பெயின்ட் நிறம் மாறியதோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒருமுறை மடங்கி நிமிர்த்திய லெக், அடுத்த இடியில் நசுங்க வேண்டிய விதத்தில் நசுங்காது.

உங்கள் லிஸ்டில் பிரேக் என்ற சொல்லே இல்லை. அதுதான் முதல் வேலை. ரோட்டில் 80-லிருந்து நிற்பதற்கும், டிராக்கில் 140-லிருந்து 60-க்கு இறங்குவதற்கும் ஒரே 80 கி.மீ. வித்தியாசம்தான். ஆனால் இரண்டாவதில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. அதுவும் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் என்பது அதன் தர எண். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140. டாட் 4-க்கு 230, 155. பழைய காரில் ஆயில் கடைசியாக எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. கொதித்தால் லைனில் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் சூட்டில் வழுக்கினால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், கார் மட்டும் நிற்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரியணும், ஏனென்றால் மருந்து வேறு வேறு.

ஒரு லிட்டர் நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்கி முழுவதும் மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான், இதில் கலக்கவே கூடாது. பழையதை பிரேக் ஆயில் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றணும் (ப்ளீட்). பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் தள்ளும் பிரேக் பம்ப்) தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். டேங்கில் மட்டம் குறைந்துவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கணும், காற்று போனால் மறுபடி முதலிலிருந்து. ப்ளீட் செய்யும்போது பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பல வருஷமாக பிஸ்டன் போகாத இடத்தில் அழுக்கும் துருவும் இருக்கும், அது மாஸ்டர் சிலிண்டர் சீலைக் கிழித்துவிடும். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முன் பேட் அதிகச் சூடு தாங்கும் ரகமாக மாற்றுங்கள், டிஸ்க் கம்பெனி டிஸ்க்கே போதும். துளை போட்ட டிஸ்க் வேண்டாம், துளையிலிருந்து விரிசல் ஓடும். பின்பக்க டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்து, லைனிங்கை அட்ஜஸ்ட் செய்யுங்கள். புது பேட் போட்டதும் காலியான ரோட்டில் 80-லிருந்து 20-க்கு எட்டு பத்து முறை அழுத்தமாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள். நின்றால் சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு அப்புறம் பெடல் அதிரும்.

ஆறு பாயின்ட்:

பிரேக் பற்றி மேலே வந்துவிட்டது. நான் ஹார்னஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

ரோல் பார் (கார் உருண்டால் கூரை அமுங்காமல் தாங்கும் இரும்பு வளைவு) இல்லாத காரில் 4 பாயின்ட் ஹார்னஸ் கட்டாதீர்கள். கம்பெனி 3 பாயின்ட் பெல்ட்டில் கார் உருண்டு கூரை அமுங்கினால் உடம்பு பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸ் இரண்டு தோளையும் நிமிர்த்திப் பிடித்துவிடும். இறங்கி வரும் கூரையைக் கழுத்துதான் தாங்கணும். 4 பாயின்ட்டில் கால் நடுவே வரும் பட்டையும் இல்லை. நேர் இடியில் தோள் பட்டை இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும், உடம்பு அடியில் வழுக்கும், பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். தோள் அசையாமல் தலை மட்டும் முன்னால் பாயும்போது கழுத்தைக் காப்பது ஹான்ஸ் கருவி. அதை 3 பாயின்ட் பெல்ட்டோடு போட முடியாது. ஆக பக்கெட் சீட், 6 பாயின்ட் ஹார்னஸ், ரோல் பார், ஹான்ஸ் நான்கும் ஒரே செட். நான்கும் வாங்கப் பணம் சேரும்வரை ஒன்றும் வேண்டாம். கம்பெனி சீட், கம்பெனி பெல்ட், ஏர்பேக் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சோதித்து வடிவமைத்தவை. சின்ன ஸ்டீயரிங் போட்டால் ஏர்பேக் போய்விடும், அதையும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கம்பெனி பெல்ட்டிலேயே உடம்பை இறுக்க வழி இருக்கிறது: சீட்டை இரண்டு மூன்று நாட்ச் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டு, தோள் பட்டையை வெடுக்கென்று இழுத்து லாக் ஆக்குங்கள். லாக்கை விடாமல் சீட்டை முன்னால் நகர்த்துங்கள். வளைவில் முழங்காலை முட்டுக் கொடுத்து உட்கார வேண்டியிருக்காது.

மிச்சமாகும் பணத்தை ஹெல்மெட்டில் போடுங்கள். ஹெல்மெட் தரச் சான்றான ஸ்னெல்லின் எஸ்.ஏ. 2020 அல்லது அதற்குப் பிந்தைய எஸ்.ஏ. ஸ்டிக்கர் உள்ளே ஒட்டியிருக்கணும். எம் என்று இருந்தால் அது பைக்குடையது. எஸ்.ஏ.வில் உள் துணி தீயைத் தாங்கும், ரோல் கேஜ் (காருக்குள் அடிக்கும் இரும்புக் கூண்டு) பைப்பில் தலை மோதுவதற்கான சோதனையும் உண்டு. ஹான்ஸ் கிளிப் மாட்டும் துளை உள்ளதா என்று இப்போதே பார்த்து வாங்குங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட். பாலியஸ்டர் டி-ஷர்ட் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். 2 கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று, உலோகப் பட்டை இரண்டு போட்ட பிராக்கெட்டில், போல்ட் அடித்து, கட்டியிருக்கும்போதே கை எட்டும் இடத்தில். பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டினால் இடியில் அதுவே தலையை நோக்கிப் பறந்து வரும்.

சுழல்பாதை:

ரொம்ப நன்றி. ஹார்னஸ், ஸ்டீயரிங் இரண்டையும் அடித்துவிட்டேன். ஒரு சந்தேகம். தெரிந்த வெல்டிங் பட்டறையில் குறைந்த விலைக்கு ரோல் கேஜ் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள், கேட் செய்கிற அதே பைப்பில். அப்படியானால் முழு செட்டும் இப்போதே போடலாமா? டயருக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

ஆறு பாயின்ட்:

கேட் பைப்பில் கேஜ் வேண்டவே வேண்டாம். ஜி.ஐ. பைப்பிலும் ஈ.ஆர்.டபிள்யூ. பைப்பிலும் நீளவாட்டில் ஒரு வெல்டிங் தையல் ஓடும். வளைக்கும் இடத்தில் அது பிளக்கலாம். ஜி.ஐ.யில் துத்தநாகப் பூச்சு வேறு, வெல்டிங்கைக் கெடுக்கும். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. கேட்பது குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத (சீம்லெஸ்) கார்பன் ஸ்டீல். மெயின் ரோல் பார் 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. மற்ற பைப்புகள் 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. போல்ட் கேஜ் என்றால் ஒவ்வொரு காலுக்கும் தரைக்கு அடியில் குறைந்தது 3 மி.மீ. கனம், 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகடு, 8.8 தரத்தில் குறைந்தது மூன்று எம்8 போல்ட். தகடு இல்லாமல் கால் வைத்தால் உருளும்போது மெல்லிய தரைத் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும்.

அதோடு நீங்கள் இதே காரில் வீட்டுக்குத் திரும்புகிறவர். ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் போகும்போது தலைக்குப் பக்கத்தில் இரும்புப் பைப் இருப்பது சின்ன இடியில்கூட மண்டையை உடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் ஆர்.சி.க்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. டிரெய்லர் வசதி வரும்போது கேஜ் போடலாம்.

சூடான டயர்:

16 இன்ச் அலாய் வேண்டாம். சக்கரம் கனமாகும், டயர் விலை கூடும், 87 குதிரைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இசட்.எக்ஸ்.ஐ.யின் 185/65 ஆர்15 அளவிலேயே நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் பாருங்கள், 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். நான்கைந்து வருஷம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் இறுகியிருக்கும்.

காற்று: கம்பெனி சொல்லும் அளவில் ஆரம்பியுங்கள். நான்கைந்து சுற்றில் 5 முதல் 8 பி.எஸ்.ஐ. ஏறும். இறங்கியதும் சூட்டிலேயே அளந்து, முன் டயர் 35-க்கு மேல் இருந்தால் குறையுங்கள். பக்கச்சுவர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு அனுப்புங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றணும். சூட்டில் குறைத்தது ஆறியபின் ரோட்டுக்கு ரொம்பக் குறைவாக நிற்கும்.

லோயரிங் ஸ்பிரிங்கைவிடப் புது கம்பெனி ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் மூன்றும் முக்கியம். 80,000 ஓடிய காரில் இவை தேய்ந்திருக்கும். கம்பெனி ஸ்ட்ரட்டில் தாழ்ந்த ஸ்பிரிங் போட்டால் வளைவு நடுவிலேயே பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) இடித்து பிடி சட்டென்று போகும். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டினால் டை ராட் எண்ட். மிச்சப் பணத்தில் கேம்பர் போல்ட் போட்டு முன் சக்கரத்துக்கு ஒன்றரை டிகிரி நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது), டோ பூஜ்யம் (இரு சக்கரமும் நேராகப் பார்ப்பது). வெளி ஓரம் மட்டும் தேய்வது பெருமளவு குறையும்.

நான்காம் கியர் சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் டிராக் டே கரியில் என்றால் புது கம்பெனி பேடும் புது ஆயிலும் போதும். 2.1 கி.மீ. டிராக், வேகம் அவ்வளவு ஏறாது. அந்தப் பணத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம்.

நான்காம் கியர்:

கரிக்கு மட்டும், அதுவும் மூன்று சுற்று வேகம், ஒரு சுற்று ஆறவிடுதல் என்று ஓட்டினால் சரி. இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ., நேர்ப்பாதை முடிவில் வேகம் வேறு. அங்கே பேட் மாற்றாமல் போகாதீர்கள்.

பண விஷயம்: தனியார் கார் பாலிசியில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு விலக்கு இருக்கிறது. டிராக்கில் இடித்தால் கிளெய்ம் வரும் என்று நம்பாதீர்கள். அதனால் காருக்கு 2 லட்சத்தை ஒட்டியே நில்லுங்கள். இசட்.எக்ஸ்.ஐ. அந்த விலைக்குள் வராவிட்டால் வருஷம் ஒன்று பழையது பாருங்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஹெல்மெட் இவை போக அரை லட்சமாவது டிராக் கட்டணத்துக்கும் உடைவதற்கும் தொடாமல் வையுங்கள்.

அன்று காலை ஸ்டெப்னி, ஜாக்கி, மேட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. டிரைவர் பக்க மேட்டும்தான், அது பெடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். இழுக்கும் கொக்கியை முன்னால் திருகி வைத்துவிடுங்கள். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்கணும். இந்த இன்ஜின் எடுப்பதே மூன்று லிட்டர் சொச்சம். மட்டம் குறைந்திருந்தால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்த கணமே கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணையுங்கள், ஸ்டீயரிங்கும் பெடலும் கனமாகும், பதறாமல் ஓரம் கட்டுங்கள்.

ஒவ்வொரு செஷனுக்கும் கடைசிச் சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக. நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூட்டில் டிரம்மும் லைனிங்கும் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆறியபின் வீல் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்குப் பாருங்கள், கிளம்பும் முன் இன்னொரு முறை.