மறுமொழி: ‘நாய்ஸ் மியூசிக்’ – தமிழில் என்ன சொல்வது?

ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

இரைச்சலையே பொருளாகக் கொண்டு செய்யும் ‘நாய்ஸ் மியூசிக்’குக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால், இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருமுறை கூட்டிச் சொல்கிறேன்: ஒலிக்கோலம், சோதனையொலி, அரவ இசை, வன்னொலி, கம்பலை, இரைச்சல் இசை. ‘நாய்ஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தமிழ் எழுத்தில் அதைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது நாய்தான். இந்த இசையைப் பிடிக்காதவர்களுக்கு நாமே இவ்வளவு வசதி செய்து கொடுக்க வேண்டாம்.

> ஒரு கலைவடிவத்தை ‘இரைச்சல்’ என்று அழைப்பது அதை இகழ்வதாகாதா? நடுநிலையாக ‘ஒலிக்கோலம்’ என்று இருக்கட்டுமே.

இகழ்ச்சி மூலப் பெயரிலேயே இருக்கிறது ஐயா. தெரிந்தேதான் வைத்தார்கள். 1913 மார்ச்சில் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், இசையமைப்பாளர் பிரத்தெல்லாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘இரைச்சல்களின் கலை’ என்று இன்று அறியப்படும் அறிக்கை அதுதான். டிராம், மோட்டார், ஆலை ஆகியவற்றின் ஓசைகளைக் கேட்டுப் பழகிய காதுக்குப் பழைய இசைக்குழுவின் நிறங்கள் போதவில்லை என்பது அவர் வாதம். இரைச்சல்களை ஆறு குடும்பங்களாகப் பிரித்தார். மரப்பெட்டி, முன்னால் ஓர் ஊதுகுழல் வாய், பின்னால் சுற்றுகிற கைப்பிடி என்று கருவிகளையும் செய்தார். 1914 ஏப்ரலில் மிலான் நகரின் தால் வெர்மே அரங்கில் அவற்றை இயக்கியபோது அரங்கம் கொந்தளித்தது. மேடையில் கருவிகள் ஓடிக்கொண்டிருக்க, ருஸ்ஸோலோவின் தோழர்கள் கீழே இறங்கிப் பார்வையாளர்களோடு கைகலந்தார்கள்.

1954 டிசம்பரில் பாரிஸில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் ‘தெஸேர்’ அரங்கேறியது. இசைக்குழு வாசிக்கும் பகுதிகளுக்கு நடுநடுவே, ஆலை ஒலிகளிலிருந்து உருவாக்கிய ஒலிநாடா ஓடும். நிகழ்ச்சியை அமைத்தவர்கள் இதைக் கொண்டுபோய் மொட்சார்ட்டுக்கும் சைகோவ்ஸ்கிக்கும் நடுவில் வைத்தார்கள். கூச்சலும் சீழ்க்கையும் எழுந்தன. வானொலியில் நேரடி ஒலிபரப்பு என்பதால் அந்தக் கூச்சலும் சேர்ந்தே நாடெங்கும் போனது. வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எது படைப்பு, எது எதிர்ப்பு என்று பிரித்தறிவது எளிதாக இருந்திருக்காது!

ஆனால் ஒரே படைப்புக்கு இரண்டு காதுகள் என்பதை லூ ரீடின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை. வெளிவந்தது 1975இல். பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கியவரின் இரட்டை இசைத்தட்டு. அதில் பாட்டு இல்லை, குரல் இல்லை, தாளம் இல்லை. கிட்டார்களை ஒலிபெருக்கிக்கு முன்னால் சாத்தி வைத்து, ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் கிட்டாருக்குள் புகுகிற பின்னூட்டத்தில் அவை தாமாகக் கிறீச்சிடுவதை அடுக்கடுக்காகப் பதிந்திருந்தார். பக்கத்துக்கு ஏறக்குறைய பதினாறு நிமிடம். நான்காம் பக்கத்தின் உறையொட்டில் ‘16:01 அல்லது முடிவிலி’ என்று அச்சிட்டிருந்தது. கடைசிப் பள்ளம் வட்டமாக மூடியிருக்கும். ஊசி அதில் விழுந்துவிட்டால், யாராவது எழுந்துபோய்க் கையால் தூக்கும்வரை அந்தத் துணுக்கே சுற்றிக்கொண்டிருக்கும். வாங்கியவர்களில் பலர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் செய்த குறும்பு என்றார்கள் சிலர். அதே நேரம் லெஸ்டர் பேங்ஸ் என்ற விமரிசகர் ‘கிரீம்’ இதழில் அதைக் கொண்டாடித் தீர்த்தார். 2002இல் பெர்லினில் ‘ஸைட்கிராட்ஸர்’ குழு அதைச் சுரக்குறிப்பாக எழுதி, வயலின், செல்லோ, ஊதுகருவிகளில் வாசித்தது. அமைதியாக உட்கார்ந்து கேட்டு, முடிந்ததும் கைதட்டுகிற கச்சேரிக் கூட்டத்தின் முன் அது போய் நின்றது.

இந்த இசைக்குக் கேட்பவர் பிளவுபடுவது தற்செயல் இல்லை. ‘இது இரைச்சல்’ என்று எழுந்து போகிறவரும் ‘ஆமாம், இரைச்சல்தான்’ என்று உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கலைச்சொல் அந்த இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘ஒலிக்கோலம்’ எழுந்து போனவரை மறைத்துவிடுகிறது. அதோடு, அருங்காட்சியகத்தில் ஒலியைக் காட்சிப்பொருளாக வைக்கிற ஒலிக்கலை என்ற வேறு துறை இருக்கிறது, இரண்டும் குழம்பும். ‘சோதனையொலி’ என்றால் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது.

> தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கும்போது புதிதாக ஏன்?

“கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள” என்ற உரியியல் நூற்பாவை ஐயா எடுத்துக்காட்டியிருந்தார்கள். நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சும்மையிசை என்றால் ‘சும்மா இசை’ என்று படிப்பார்கள். கலியிசையைக் கலிகாலத்தோடு முடிச்சுப் போடுவார்கள். அழுங்கலுக்கு இரக்கமும் கேடும் பொருள் என்று அடுத்த நூற்பாவே சொல்லிவிடுகிறது. கம்பலை அழகான சொல். ஆனால் மதுரைக்காஞ்சியில் அது பெரும்பாலும் ஊரும் கூட்டமும் எழுப்பும் ஒலி. ஆளும் பறவையும் நிறைந்த ஆரவாரம். ஒருவர் மேசைமுன் உட்கார்ந்து மின்கருவியில் எழுப்புவதற்கு அது ஒட்டவில்லை. இனி ‘அரவம்’. இன்று நாம் ‘ஆள் அரவம் இல்லை’ என்கிறோம். அது மெல்லிய ஓசை. செவிப்பறை அதிர்கிற இசைக்கு அந்தப் பெயரை வைத்தால் பொருள் தலைகீழாகும், பாம்பை விட்டுவிட்டாலும்கூட.

நான் ‘இரைச்சலிசை’யை முன்மொழிவதற்கு இகழ்ச்சி மட்டும் காரணம் அன்று. எது கத்தும், எது இரையும் என்பதற்குத் தமிழில் ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தை கத்தும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், இடி முழங்கும், வண்டு முரலும். கடலும் மழையும் அருவியும் இரையும். மண்ணெண்ணெய் ஸ்டவ் இரையும். பழைய வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள் நின்றால் வருவதும் இரைச்சல். இவை எல்லாவற்றிலும் சுரம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகக் கொட்டுகின்றன. இயற்பியல் வெள்ளை இரைச்சல் என்று சொல்வது அதைத்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் சீரான அதிர்வை இசையொலி என்றும் சீரற்றதை இரைச்சல் என்றும் பிரித்தார். பள்ளிப் பாடநூலும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறது. ஆக, ஜப்பானிய நாய்ஸ் கலைஞர் மெர்ஸ்பவ்வின் ‘பல்ஸ் டீமன்’ தொகுப்பைப் போட்டால் வருவது, சொல்லின் நேர்ப்பொருளிலேயே இரைச்சல். அருவிக்கரையில் நிற்பவர் ‘என்ன இரைச்சல்!’ என்று சொல்வதில் குறையும் இருக்கலாம், மகிழ்ச்சியும் இருக்கலாம். சத்தம், கூச்சல் என்ற சொற்களுக்கு இந்த இருமுகம் கிடையாது.

ஜப்பானியர் கதையையும் சொல்லிவிடுகிறேன். தோக்கியோவில் மசாமி அகிதா ‘மெர்ஸ்பவ்’ என்ற பெயரில் தொடங்கியது 1979இல். கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் கழிபொருள்களைக் கொண்டு வீட்டுக்குள் எழுப்பிய ‘மெர்ஸ்பாவ்’ என்ற படைப்பின் பெயர் அது. 2000இல் ஐம்பது குறுந்தகடுகளை ஒரே பெட்டியில் வெளியிட்ட மனிதர். கேட்பவருக்கு இரங்குகிற வழக்கம் இல்லை. ஜப்பானியத்தில் ஓசைத் தொல்லைக்கு ஒரு சொல்லும், வானொலிக் கரகரப்புக்கு ஒரு சொல்லும் உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு ‘நோய்ஸு’ என்று கடன் வாங்கினார்கள். அவர்களுடைய சொற்கள் இரண்டும் புகார்ச் சொற்களாகவே நின்றுவிட்டன. நம்மிடம் கடலுக்கும் புகாருக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கும்போது கடன் தேவையில்லை.

கிளைச் சொற்களும் இதிலிருந்தே வளரும். ‘ஹார்ஷ் நாய்ஸ்’ பேரிரைச்சல். ‘ஹார்ஷ் நாய்ஸ் வால்’ என்பது தொடக்கம் முதல் முடிவுவரை மாற்றமே இல்லாத ஒரே அடர்த்தி. பிரான்ஸின் ‘வோமிர்’ நிகழ்ச்சிகளில் கேட்பவர்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வகையை இரைச்சல் மதில் எனலாம். சுவரைவிட மதில் பொருத்தம். ஏறிக் குதிக்க இடம் தராது.

கருவிகளின் பிழையொலிகளைக் கொண்டு செய்யும் ‘கிளிட்ச்’சுக்கு ‘வழுவிசை’ என்று வைத்திருக்கிறேன். ஐயா என்ன சொல்கிறார்கள்?

அன்புடன்.

*

தம்பிக்கு,

நன்று. அருவிக்கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் ‘இரைச்சல்’ என்பதில் எனக்குத் தடையில்லை, ‘இசை’ என்பதில்தான் தடை. இசைவது இசை. ஒன்றோடொன்று இயையாததை, இயையக்கூடாது என்றே செய்ததை, இசை என்று எழுதிவிட்டு இரைச்சலை முன்னால் ஒட்டினால் அது தொகையாகாது, சண்டையாகும்.

நீங்கள் அனுப்பிய சுட்டிகளில் இரண்டைக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடப் பொறுத்தேன் என்பது சரி. காது வலிப்பதைச் சுவை வேற்றுமை என்று பேசுவது எப்படி? பிடிக்கவில்லை என்பவரையெல்லாம் பழைமைவாதி என்று ஒதுக்குகிற தொனி இந்த இசைக்காரர்களிடம் இருக்கிறது. அது எனக்கு உவப்பில்லை.

வழுவிசை ஏற்கலாம். ஆனால் வழு வேறு, வழுவமைதி வேறு என்பதை மறக்க வேண்டாம். பிழையென்று தெரிந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது அமைதி. நீங்கள் சொல்வது எது?

*

ஐயா,

வணக்கம். கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்குப் பெரிய பரிசு.

யசுனாவோ டோனே என்ற ஜப்பானியக் கலைஞர் 1980களில் ஒட்டுநாடாவில் ஊசித்துளைகள் இட்டுக் குறுந்தகட்டின் அடியில் ஒட்டினார். கருவி தகட்டைப் படிக்க முயன்று தடுமாறித் தாவும். அந்தத் தாவல்தான் படைப்பு. 1995இல் ‘ஓவல்’ குழு சிதைத்த தகடுகளின் திக்கலை அடுக்கி, மென்மையான தாளமாகவே மாற்றிக்காட்டியது. டோனே செய்தது வழு. ஓவல் செய்தது வழுவமைதி. ஆங்கிலத்தில் இரண்டும் ‘கிளிட்ச்’தான். ஓவலின் தொகுப்பை இரைச்சலைத் தாங்காதவர்களும் வீட்டில் போட்டுக் கேட்கிறார்கள் என்பது இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. வகைக்கு வழுவிசை என்றே வைத்து, உள்ளே இந்தப் பிரிவைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

வலியைப் பற்றிச் சொன்னது நியாயம். சுவையும் செவியும் வேறு வேறு கணக்கு. வேலையிடங்களுக்கு அமெரிக்க நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபல், எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். மேடை நிகழ்ச்சிகளில் பேரிரைச்சல் இதை எளிதாகத் தாண்டும். நுழைவாயிலில் காதடைப்பான் கொடுப்பது அதனால்தான். அதை மறுத்துவிட்டு வீரம் பேசுகிறவர்கள் மேல் எனக்கும் பரிவில்லை. ஆனால் ஒலியளவைக் குறைத்துக் கேட்டாலும் ஒருவர் ஒதுக்குவார், இன்னொருவர் ஒட்டிக்கொள்வார். நாம் பெயர் வைப்பது அந்த மீதிக்கு.

இசைவது இசை என்பதற்கு மட்டும் உங்கள் நூலையே உங்கள் முன் வைக்கிறேன். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கையும் தொல்காப்பியர் இசைப்பொருள் தருவன என்கிறார். அங்கே இசை என்பது ஒலிதானே? வில் நாண் தெறிப்பதும் சிலைத்தலாகச் சொல்லப்படும். இசைவு என்ற பொருள் மட்டும்தான் இசை என்றால் அந்த நூற்பா நிற்காது. தம்புராவைப் பாருங்கள்: குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி நகர்த்துவார்கள். தூய சுரம் போதாதென்று, தந்தி குதிரையை உரசி விர்ரென்று ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நூல். அதற்கு ஜீவா என்று பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள்.

தொகையில் சண்டை இருப்பது உண்மை. இருக்கட்டும் என்கிறேன். ‘இரைச்சலிசை’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவோம். பிரித்து எழுதினால் ‘இரைச்சலான இசை’ என்று யாருடைய பாட்டையும் திட்டுகிற பெயரடையாகிவிடும்.

விக்சனரியில் ஏற்றுவதற்குமுன் ஒன்று மீதி. ஒரே சுரம் நீண்டு நிற்கும் ‘ட்ரோன் மியூசிக்’குக்கு ரீங்கார இசை என்று ஒருவர் எழுதியிருந்தார். முரலிசை என்றால் புல்லாங்குழலான முரளியோடு குழம்புமா? ஐயா முடிவு சொன்னால் அதையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறேன்.